சட்டைப் பைக்குப் போகும் இடது கை

எங்கள் மேடம் ஒவ்வொரு ஜூனிலும் முதல் வகுப்பில் ஒரே கதையைத்தான் சொல்வார். இருபத்தாறு வருடமாகக் கேட்கிறேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், சுவரோரம், வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்பேன். பிள்ளைகளுக்கு அது புதுக் கதை. என்னைப் பயமுறுத்துகிற கதை.

இங்கிலாந்தில் ஒரு வானியல் கூடம். தொலைநோக்கிக்குள் மெல்லிய கம்பி ஒன்று குறுக்கே இருக்கும். நட்சத்திரம் அந்தக் கம்பியைத் தாண்டுகிற கணத்தைக் குறிக்க வேண்டும். கண் நட்சத்திரத்தில் இருக்க வேண்டும், காது கடிகாரத்தின் டிக் டிக்கில் இருக்க வேண்டும். கூடத்துக்குத் தலைவரான பெரியவர் ஒரு நேரம் குறித்தார். அவருடைய உதவியாளன் அரை விநாடி தள்ளிக் குறித்தான். பெரியவர் எச்சரித்தார். உதவியாளன் உயிரைக் கொடுத்துப் பார்த்தான். வித்தியாசம் குறையவில்லை, கூடியது. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு வேறு நாட்டில் வேறொரு வானியல்காரர் அந்தப் பழைய குறிப்பைப் படித்துவிட்டு யோசித்தார். தன்னையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆளுக்கு ஆள் மாறியது. கண் பார்ப்பதற்கும் மனசு அதை ஏற்பதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் போகிறது, அந்த நேரம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, அது யாருடைய தப்பும் இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் மனசையும் கடிகாரம் வைத்து அளக்கலாமே என்று நாளாவட்டத்தில் ஒரு எண்ணம் வளர்ந்தது. கடைசியில் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் அதற்கென்று தனி அறை போட்டார். சைக்காலஜி விஞ்ஞானமானது.

இத்தோடு மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். வேலை போனவன் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை கிடையாது. இருபத்தாறு ஜூன். ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. எனக்கோ அன்று முழுக்க அவன் ஞாபகம்தான். வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்? அரை விநாடி லேட் என்று சொன்னால் எந்த வீட்டில் நம்புவார்கள்?

நான் பம்பாய் செம்பூரில் ஒரு கல்லூரியில் சைக்காலஜித் துறைக்கு லேப் அட்டெண்டன்ட். தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். ஒன்பதாவதில் கணக்கு ரொம்பக் கஷ்டம் என்று எவனோ சொன்னான். கோடை விடுமுறை முழுக்க அதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்துவிட்டு, பள்ளி திறந்த அன்று போகவே இல்லை. அப்பா அடித்தும் பார்த்தார். பயம்தான் ஜெயித்தது. அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. லேப் கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று விசாரிப்பேன். இப்போது அவர் என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை.

பிள்ளைகள் என்னை மாமா என்பார்கள். இந்த ஊரில் கல்லூரிப் பியூனும் அட்டெண்டன்டும் எல்லோருக்கும் மாமாதான். மராத்திப் பிள்ளைகள் ஆரம்பித்து வைத்த வழக்கம். எனக்குச் சொந்தத்தில் மருமகன் ஒருவன்கூடக் கிடையாது. கல்லூரிக் கணக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

என் பொறுப்பில் இருக்கும் சாமான்களில் முக்கியமானது ஒரு மரப்பெட்டி. கண்டதும் கை எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அளக்கிற பெட்டி. நடுவில் ஒரு பலகை நிற்கும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாணவன். நான் என் பொத்தானை அமுக்கினால் அவன் பக்கம் சின்ன விளக்கு எரியும், கடிகாரமும் ஓடத் தொடங்கும். விளக்கைப் பார்த்ததும் அவன் தன் பொத்தானை அமுக்க வேண்டும். கடிகாரம் நின்றுவிடும். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத் தாங்களே செய்ய வேண்டிய செய்முறை அது. ஆனால் ஒருவன் வந்தால் ஒருவன் வர மாட்டான். அதனால் எந்தக் காலத்திலோ என்னை உட்கார்த்திவைத்தார்கள், நானே நிரந்தரமாகிவிட்டேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல பெயர். பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதைவிட வேகமாக அமுக்குவார்கள். வெளியிலிருந்து தேர்வு நடத்த வருகிறவர்களிடம் மேடம் பெருமையாகச் சொல்வார்: "பம்பாய்ப் பசங்க இல்லையா, ஓடற வண்டில ஏறி எறங்கறவா. ஷார்ப்பா இருக்கா." நான் பின்னால் நின்று அந்தப் பெருமையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வேன். பெட்டியைத் துடைப்பது நான்தானே.

இந்த வருடம் ஜனவரியில் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், என்னோடு எப்போதும் தமிழில்தான் பேசுவார்.

"உட்காருங்கோ. பதட்டப்படாதீங்கோ."

பதட்டப்படாதீங்கோ என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த நிமிடமே பதட்டம் வந்துவிடும்.

"இனிமே செய்முறையெல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாம்னு ஆபீஸ்ல சொல்றா. பையன் தனியா உட்கார்ந்து பண்ணிக்கலாம், ஆள் வேண்டாம். உங்களை மெயின் ஆபீஸ்ல எக்ஸாம் செக்ஷனுக்கு மாத்தறதா யோசனை. நான் ஒத்துக்கலை. பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி நேரம் காட்டித்துன்னா பெட்டியை எடுக்க வேண்டாம்னு எழுதித் தரேன்னு சொல்லிருக்கேன். பெட்டி இருந்தா நீங்களும் இருப்பேள்."

எக்ஸாம் செக்ஷன். அங்கே ஜன்னலுக்கு வெளியே எந்த நேரமும் நூறு பேர் நிற்பார்கள். மார்க் ஷீட் வரவில்லை, பெயரில் எழுத்து தப்பு, ஹால் டிக்கெட்டில் வேறு எவனோ படம். அப்பாமார் வந்து மேசையைத் தட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கே பயந்து ஓடியவனை ஒரு கல்லூரியின் மொத்தப் பரீட்சைக்கும் நடுவில் உட்கார்த்தினால் என்ன ஆகும்? ஒரு மாதத்தில் நான் படுத்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சோதனைக்கு ஆறு பிள்ளைகள். காலையில் கம்ப்யூட்டரில் செய்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியில் செய்தார்கள். நான் வழக்கம்போல உட்கார்ந்து அமுக்கினேன். மேடம் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஆன நேரத்தில் பாதிதான் பெட்டியில் ஆகியிருந்தது. ஒரு பையனுக்குப் பாதிகூட இல்லை.

"ஒரே கை, ஒரே கண். மத்தியானம் சாப்ட்டா எல்லாரும் மந்தமாத்தானே ஆவா? இங்க என்னடான்னா பறக்கறா."

பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன். கழற்றினேன். பல்பை மாற்றினேன். பேட்டரி செல்லை மாற்றினேன். பொத்தானுக்கு அடியில் இருக்கும் செம்புத் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் இதே வேலை. நான்காம் நாள் திரும்பச் செய்தோம். அதே வித்தியாசம். விநாடியில் துண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, அதற்குள் என் வேலை மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள், ஒரு மணி நேரம் என்றால் மனிதன் சண்டை போடலாம். இதோடு எப்படிப் போடுவது?

வீட்டில் சொன்னேன். என் மனைவி சட்டை தைக்கிற யூனிட்டில் பட்டன் வைக்கிறாள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"கண்ண மூடித் தெறக்குத நேரத்துக்கா இவ்வளவு பாடு? நீங்க குளிக்கப் போனா முக்கால் மணி நேரம் ஆவுது, அத எவன் அளந்தான்?"

"ஏளா, சும்மா கெட. வேலைக்கு வந்திருக்கு வினை."

"வேலை எங்க போவுது? அந்தக் காலேஜ் போவும், ஒங்க கவல போவாது."

மறுநாள் மேடம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தானே மாணவன் பக்கம் போய் உட்கார்ந்தார். அந்த ஜெர்மன் பேராசிரியரின் அறையிலும் அப்படித்தானாம், இன்று அளக்கிறவர் நாளை அளக்கப்படுகிறவர், பேராசிரியரே உட்காருவாராம். நான் அமுக்கினேன். மேடத்தின் நேரம், காலையில் கம்ப்யூட்டரில் அவருக்கு வந்த மாதிரியே வந்தது. "எனக்கு வயசாயிடுத்து, அதனாலயோ என்னமோ" என்றார். அடுத்து ஒரு பையனை அமுக்கச் சொல்லி என்னை எதிர்ப்பக்கம் உட்காரவைத்தார். சரியாக வந்தது. பையன் அமுக்க இன்னொரு பையன் உட்கார்ந்தான். அதுவும் சரியாக வந்தது. நான் அமுக்கி, மாணவர்கள் உட்கார்ந்தால் மட்டும் பறந்தது.

மேடம் என்னைப் பார்த்தார். ஆறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி யோக்கியம். என் காதுக்குள் அந்த உதவியாளனுடைய டிக் டிக் கேட்டது.

"மேடம், நான் ஒண்ணும் செய்யல" என்றேன். எட்டாவதில் காப்பி அடித்தேன் என்று வாத்தியார் பிடித்தபோதும் இதைத்தான் சொன்னேன்.

பிள்ளைகளுக்குள் கண்ணால் ஏதோ பேச்சு ஓடியது. கடைசியில் ஒரு பெண் வாயைத் திறந்தாள். தாராவிப் பெண், அவள் அப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"மாமா, குஸ்ஸா பண்ணக் கூடாது, கோவப்படாதீங்க. நாங்க யாரும் லைட்டப் பாக்கவே மாட்டோம்."

"பின்ன எதப் பாப்பீங்க?"

"உங்க லெஃப்ட் ஹேண்ட். நீங்க பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி எவ்ரி டைம் பாக்கெட்டத் தொடுவீங்க. பலகைக்கு மேல தெரியுது. கை மேல போச்சுன்னா லைட் வரப் போவுதுன்னு அர்த்தம். ரெடியா இருந்து அமுக்கிடுவோம்."

"இது எப்பத்துலேர்ந்து?"

"சீனியர்ஸ் சொல்வாங்க. அட்மிஷன் ஆன வாரமே சொல்லிடுவாங்க. மாமா கா ஹாத் தேக், பஸ். மாமா கையப் பாரு, அது போதும்னு. அவங்களுக்கு அவங்க சீனியர்ஸ் சொன்னாங்களாம்."

எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு செட் போகும்போது அடுத்த செட்டுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. நோட்டுப் புத்தகம் கொடுப்பதுபோல என் கையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மருமக்களில் ஒருவனுக்குக்கூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. மேடம் யாரிடமெல்லாம் ஷார்ப் ஷார்ப் என்று சொன்னாரோ, அவர்கள் முகமெல்லாம் எனக்கு வரிசையாக வந்தது.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சயானில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூர் வருவேன். இன்றும் அதே பாதைதான். ஒரு நாள் குர்லா பாலத்தில் எவனோ என் சட்டைப் பையிலிருந்து ரயில் பாஸையும் ஐடி கார்டையும் சேர்த்து உருவிவிட்டான். செம்பூரில் இறங்கியதும் டிக்கெட் பார்க்கிற டி.சி. பிடித்தார். பாஸ் இருந்தது என்று சொன்னேன். "எல்லாரும் இதான் சொல்றாங்க" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார். இருபத்தாறு வருடத்தில் நான் லேட்டாகப் போன ஒரே நாள் அது. அன்றிலிருந்து எதைச் செய்வதற்கு முன்னாலும் இடது கை போய்ப் பாஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும். வண்டியில் ஏறுமுன், ரோடு தாண்டுமுன், பொத்தான் அமுக்குமுன். போவது எனக்கே தெரியாது. இந்த ஊரில் எவன் கை போகவில்லை? பிளாட்பாரத்தில் வண்டி நுழையும்போது பாருங்கள், அத்தனை கையும் அத்தனை பைக்கும் போகும். நான் அதைப் பெட்டிக்கு முன்னால் செய்தேன், அவ்வளவுதான்.

மேடம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு குதிரையைப் பற்றிச் சொன்னார். ஜெர்மனியில் கணக்குப் போடுகிற குதிரை ஒன்று இருந்ததாம். மூன்றும் நாலும் எத்தனை என்றால் காலால் ஏழு தரம் தட்டுமாம். ஊரே வியந்ததாம். கடைசியில் பார்த்தால் அதற்குக் கணக்கே தெரியாது. விடை வந்ததும் கேள்வி கேட்டவருடைய தலை தனக்குத் தெரியாமலே ஒரு நூல் அசையும். குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும்.

"அப்ப நாங்கதான் குதிரையா, மேடம்?" என்றான் ஒரு பையன்.

"சந்தேகமா?" என்றார் மேடம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் போன பிறகு கேட்டேன்: "இப்பம் ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க, மேடம்?"

அவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார் போல. "ஸ்பிரிங் தளர்ந்து போச்சு, ரிப்பேர் பண்ணியாச்சுன்னு எழுதிடட்டுமா?"

"பெட்டி மேல தப்புன்னா பெட்டியத் தூக்கிருவாங்க. பின்னாலயே என்னையும் தூக்கிருவாங்க."

"நிஜத்தை எழுதினா?"

"நெசத்த எழுதுனா பெட்டி இருக்கும். என்னைய மட்டும் தூக்குவாங்க."

அவர் பேனாவை மூடினார். எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. "மேடம், ஒண்ணு கேக்கேன். அந்த அரை விநாடி உதவியாளனை அப்புறம் திருப்பிக் கூப்பிட்டாங்களா?"

"எந்த உதவியாளன்?"

"நீங்க ஜூனுக்கு ஜூன் சொல்லுததுதான். இருபத்தாறு வருசமா கேக்கேன். அவன் மேல தப்பில்லன்னு கண்டுபிடிச்சாங்கள்லா. பொறவு என்ன செஞ்சாங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலியே" என்றார்.

அன்று மாலை என் மனைவியிடம் கையின் கதையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவள் எழுந்து, என் கல்லூரிச் சட்டைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன செய்யுத?"

"பையத் தச்சு மூடுதேன். பை இல்லன்னா கை எங்க போவும்?"

கை போயிற்று. மறுநாள் மூடிய பையின் மேல் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தது. அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இப்ப இன்னும் க்ளியரா தெரியுது" என்றாள். முன்பாவது மெதுவாகத் தொடுமாம். இப்போது பாஸைக் காணோம் என்று தேடுகிறதாம். பாஸ் பேன்ட் பையில் இருக்கிறது என்று மனசுக்குத் தெரிகிறது, கைக்கு யார் சொல்வது? மனசை அளக்க அத்தனை கருவி கண்டுபிடித்தவர்கள் இதற்கு ஒன்று கண்டுபிடித்திருக்கலாம்.

மேடம் கையில் ஒரு தாளோடு வந்தார். "நேத்திக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். கூப்பிடலை. வேலை போய்க் கொஞ்ச வருஷத்துலயே போயிட்டாராம். முப்பது வயசு இருந்தா ஜாஸ்தி. அவர் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சபோது அவர் இல்லை."

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு வருடமாக அவனுக்குக் கடிதம் ஒன்று போயிருக்கும், அவன் வீட்டில் வாங்கிப் படித்திருப்பார்கள் என்று எங்கோ ஒரு மூலையில் நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கதையை முழுதாகச் சொல்வதற்கு இவர்களுக்கு என்ன கேடு?

"அடுத்த ஜூன்ல இதையும் சொல்லிருங்க, மேடம்."

"சொல்றேன். நீங்களும் பின்னாடி நின்னு கேட்கணுமே, அதுக்கு வழி பார்ப்போம்." பெட்டிக்கு முன்னால் போய் நின்று குனிந்து, நிமிர்ந்து, பலகையின் உயரத்தைக் கையால் சாண் போட்டார். "இந்தப் பலகை எதுக்கு இருக்கு? அமுக்கறவாளை உட்கார்ந்தவா பார்க்கக் கூடாதுன்னுதானே? உங்க தோள் தெரியறது. அப்போ பலகை குட்டை. மனுஷன் கை அசையத்தான் அசையும். மறைக்க வேண்டியது பலகையோட வேலை."

அப்படியே எழுதினார். மறைப்புப் பலகையின் உயரம் போதவில்லை; அமுக்குபவரின் இயல்பான அசைவு மேலே தெரிகிறது; பலகையை உயர்த்தி மறுபடி அளந்து எண்கள் சேர்க்கப்படும். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். "இயல்பான" என்பதை அடித்துவிட மாட்டார்களே என்று கேட்டேன். அவர் முறைத்தார்.

தச்சர் வந்து இன்னும் ஒன்றரை அடி உயரத்துக்குப் பிளைவுட் வைத்துக் கொடுத்தார். ஆறு பிள்ளைகளும் மறுபடி உட்கார்ந்தார்கள். இப்போது எனக்கும் அவர்கள் தெரியவில்லை. பலகைக்குப் பின்னால் சத்தமே இல்லை. ஆள் இருக்கிறதா, எழுந்து போய்விட்டதா என்று கவலை வந்துவிட்டது.

"இருக்கியா?" என்று கேட்டேன்.

"மாமா, நீங்க பேசினா அதுவும் சிக்னல்தான்" என்றது பலகைக்கு அப்பாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்.

மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கை பைக்குப் போய் வந்தது. அமுக்கினேன். எண்கள் கம்ப்யூட்டரோடு ஒட்டி வந்தன. மயிரிழை முன்னே பின்னே இருந்தது. அது இருக்கும் என்றார் மேடம். எங்கள் பிள்ளைகள் திடீரென்று உலகத்திலுள்ள மற்றப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஷார்ப் என்ற பேச்சை மேடம் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ரிப்போர்ட் போன பிறகு மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. என் மனைவியைக் கேட்டால் விரிவாகச் சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆபீஸ் பியூன் வந்து கவரைக் கொடுத்தார். பெட்டி முதல் வருடச் செய்முறைக்குத் தொடரலாம். அட்டெண்டன்ட் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். இரண்டே வரி. மேடத்திடம் காட்டினேன். "இப்பவாவது நிம்மதியா இருங்கோ" என்றார். "இப்போது இருக்கும்" என்று ஏன் போட்டிருக்கிறார்கள், அப்புறம் மாற்றுவார்களோ என்று கேட்டேன். "ஆத்துக்குப் போங்கோ" என்றார்.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். போகவில்லை. பையைத்தான் தைத்து மூடியாயிற்றே. பேன்ட் பையில் வைத்தால் கசங்கும். சாப்பாட்டுப் பையில் வைத்தால் குழம்புக் கறை படும். கடைசியில் இடது கையிலேயே பிடித்துக்கொண்டேன். செம்பூரிலிருந்து குர்லா வரை பிடித்துக்கொண்டு வந்தேன். குர்லா பாலத்தில் வழக்கமான இடத்தில் கை தானாகப் பைக்குப் போயிற்று. கடிதத்தோடு போய், மூடிய பையில் கடிதத்தால் ஒரு தட்டுத் தட்டியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஆள் நான் சட்டையைத் துடைக்கிறேன் என்று நினைத்து விலகி நடந்தார்.

வீட்டில் கடிதத்தை என் மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்காமல் சட்டையைக் கழற்றச் சொன்னாள். கத்தரியின் முனையால் பையின் தையலை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அந்த இன்னொரு சட்டை எங்க?" என்று கேட்டாள்.